ஆறு படத்தில் மட்டமானது எது?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அரசியல் பேசக் கூடாது. தாத்தா விட்டுப்போன நிலத்தைப் பற்றிப் பேசக் கூடாது. யாருக்கு எப்போது கல்யாணம் என்று கேட்கவே கூடாது. இத்தனைக்கும் தடை போட்ட அத்தை, டெர்மினேட்டரை மட்டும் மறந்துவிட்டார்.

விளைவு, ஒவ்வொரு தீபாவளிக்கும் கோலா தெர்லாவில் பெரியப்பா வீட்டில் நாங்கள் கூடும்போது முறுக்குத் தட்டு காலியாவதற்குள் சண்டை தொடங்கிவிடும். ஆறு படங்களில் படு மட்டமானது எது? நல்லது எது என்று யாரும் கேட்பதில்லை. அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. 1991-இல் வந்த இரண்டாம் பாகம்தான். அதை மறுப்பவர் இன்னும் எங்கள் குடும்பத்துக்குள் மருமகனாகவோ மருமகளாகவோ வரவில்லை.

இந்த மலையில் இந்தச் சண்டை நடப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. 1885-இல் இந்தப் பக்கம் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத்தான் இந்த மலை சுமக்கிறது. நாங்கள் மணிக்கணக்கில் அடித்துக்கொள்வது ஜேம்ஸ் கேமரனின் கதைக்காக. இருவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருந்தாலும் சின்ன வயதில் என் அண்ணன், "நம்ம ஊரு ஆளு எடுத்த படம்" என்று பள்ளிக்கூடத்தில் அடித்துவிட்டு வந்திருக்கிறான். நம்பியவர்களும் இருந்தார்கள்.

அப்போது எங்களுக்குப் படம் என்றால் பிரிஞ்சாங் பாசார் மாலாமில் வாங்கிவரும் வி.சி.டி.தான். தியேட்டர் என்றால் ஈப்போவுக்கு இறங்க வேண்டும். இறங்கி ஏறும் வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். ஆகவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரியப்பா வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துதான் டெர்மினேட்டரைத் தெரிந்துகொண்டோம். பேசுவது ஆங்கிலம், கீழே ஓடுவது மலாய், பக்கத்தில் அண்ணனின் தமிழ் விளக்கவுரை. பெரியம்மா மட்டும் ஆர்னால்டை "அந்தக் கறுப்புக் கண்ணாடி" என்பார். முதல் பாகத்தில் கொல்ல வந்தவன் இரண்டாம் பாகத்தில் ஏன் காப்பாற்ற வருகிறான் என்பதை அவருக்குப் புரியவைக்க எங்களுக்கு ஒரு பள்ளி விடுமுறை முழுக்கத் தேவைப்பட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு சிறு முன்கதை. 1984-இல் வந்த முதல் படம் சிக்கனமான படம். படத்தை இயக்கும் வாய்ப்பு தனக்கே கிடைக்க வேண்டும் என்பதற்காக, அந்தக் கதையின் உரிமையை ஒரே ஒரு டாலருக்குத் தயாரிப்பாளரிடம் கொடுத்தார் கேமரன். வருங்காலத்தில் இயந்திரங்கள் மனிதர்களை அழிக்கின்றன. எதிர்த்து நிற்கும் தலைவன் ஜான் கானர். அவன் பிறப்பதற்கு முன்பே அவன் தாய் சாராவைக் கொன்றுவிட 2029-இலிருந்து ஓர் இயந்திரம் வருகிறது. இவ்வளவுதான் கதை. இரண்டாம் பாகத்தோடு கேமரன் இதை முடித்துவிட்டார். பிறகு வந்தவர்கள் முடியவிடவில்லை.

ஷா ஆலாமில் கணினி வேலை பார்க்கும் மாமா மகனுக்கு 2003-இல் வந்த மூன்றாம் பாகம்தான் மட்டம். அதில் கேமரன் இல்லை, சாரா இல்லை, ஆர்னால்ட் கோமாளி மாதிரி நட்சத்திர வடிவக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார் என்பது அவன் வாதம். மறுக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்காக நான் அதை எந்தக் கூட்டத்திலும் காப்பாற்றுவேன். இயந்திரத்தின் மூளையை அழிக்கப்போகிறோம் என்று நம்பி ஜானும் கேட்டும் மலைக்கு அடியில் ஒரு சுரங்க அறைக்கு ஓடுகிறார்கள். அங்கே அழிக்க ஒன்றுமே இல்லை. அது பழைய காலத்துப் பதுங்கு அறை. வெளியே அணுகுண்டுகள் கிளம்பிவிட்டன. தடுப்பதற்காக அல்ல, இவர்கள் இருவராவது பிழைக்கட்டும் என்றுதான் அந்த இயந்திரம் அவர்களை அங்கே அனுப்பியிருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்த ஒரு கோடைக்காலப் படம் உலகத்தை அழியவிட்டு விளக்கை அணைக்கிறது. அந்தத் துணிச்சல் பிறகு வந்த மூன்று படங்களிலும் இல்லை.

நான்காவதைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை. 2009. ஆர்னால்ட் கலிபோர்னியா ஆளுநராக இருந்த நேரம், அவர் முகத்தை மட்டும் கணினியில் வரைந்து ஒட்டினார்கள். எங்கள் வீட்டில் அதற்கு எதிரியும் இல்லை, நண்பனும் இல்லை.

என் வாக்கு 2015-இல் வந்த ஐந்தாம் பாகம், 'ஜெனிசிஸ்' மீது. உலகம் முழுக்கச் சுமார் 44 கோடி டாலர் வசூலித்த படம் எப்படி மட்டமாகும் என்று மாமா மகன் கேட்பான். வசூல் வேறு, வாக்கு வேறு, தம்பி! இந்தப் படத்தில் யார் செத்தாலும் பயமில்லை. காலத்தைத் திருப்பிப் போட்டுவிடலாம். முதல் படத்தில் நாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்த காட்சிகளையே மறுபடி எடுத்து, அவை நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். போதாததற்கு, ஜான் கானரே இயந்திரமாக மாறிவிட்டான் என்ற திருப்பத்தை முன்னோட்டத்திலேயே போட்டு உடைத்தார்கள். தியேட்டருக்குள் போகும்போதே எங்களுக்குக் கதை தெரியும். பாப்கார்னுக்குக் கொடுத்த காசுதான் மிச்சம்.

இதே அளவுகோலை நம் ஊர்ச் சரக்குக்கும் வைத்துப் பார்க்கலாம். 2010-இல் வந்த 'எந்திரன்' படத்தில் சிட்டியைத் தன் கையாலேயே பிரித்துப் போடச் சொல்லும் காட்சியில் என் அம்மா அழுதார். வசனத்தில் சுஜாதாவின் பங்கு உண்டு. படம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அதன் இயந்திர பொம்மைகளில் கைவைத்தவர்களும், டெர்மினேட்டரின் எலும்புக்கூட்டை உருவாக்கிய ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறைக்காரர்களே. எட்டு ஆண்டுகள் கழித்து '2.0' வந்தபோது சிட்டியை மீண்டும் பூட்டி எழுப்பினார்கள். எழுந்தது, பறந்தது, சண்டை போட்டது. அம்மா அழவில்லை. பிரித்துப் போட்டதை இவ்வளவு சுலபமாக மாட்டிவிடலாம் என்றால் முதலில் எதற்கு அழுதோம்?

அண்ணனின் வாக்கு எப்போதும் ஆறாவதுக்கு. 2019-இல் வந்த 'டார்க் ஃபேட்'. கேமரன் தயாரிப்பாளராகத் திரும்பி வந்தார், லிண்டா ஹாமில்டன் நரைத்த முடியோடு சாராவாகத் திரும்பி வந்தார். இருந்தும் சுமார் 18 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, உலகம் முழுக்க 26 கோடியைத்தான் தொட முடிந்தது. விளம்பரச் செலவைச் சேர்த்தால் பெரிய நட்டம். அண்ணனுக்குக் கணக்கு முக்கியமில்லை. படம் ஆரம்பித்துச் சில நிமிடங்களில் சிறுவன் ஜானைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். "யாருக்காக ரெண்டு படம் ஓடினோம்? அந்தப் பையனுக்காகத்தானே?" என்று இன்றைக்கும் குரல் உயரும். அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கோபம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

போன தீபாவளிக்கு முந்தியது என்று நினைக்கிறேன். அதுவரை இந்தச் சண்டையில் பெரியப்பா வாயைத் திறந்ததே இல்லை. அன்று, "அந்தக் கார் தொழிற்சாலை வர்ற படத்தை மட்டம்னு சொல்லாதீங்க" என்றார்.

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. 'டார்க் ஃபேட்' தொடக்கத்தில் மெக்சிகோவில் ஒரு கார் தொழிற்சாலை வரும். அக்காவும் தம்பியும் வேலைக்கு வருகிறார்கள். தம்பி நிற்க வேண்டிய இடத்தில் ஓர் இயந்திரக் கை நின்றுகொண்டிருக்கிறது. அக்கா மேலாளரிடம் சண்டைக்குப் போகிறாள். இரண்டு நிமிடம் இருக்குமா? அதற்குள் வில்லன் வந்துவிடுகிறான், எல்லாரும் ஓட ஆரம்பிக்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் அந்தக் காட்சி நினைவில் இல்லை.

பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். கையால் கொழுந்து பறித்த கடைசித் தலைமுறையையும், பெட்டி கட்டிய கத்தரிக்கோல் வந்ததையும், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிரையின் மேல் இழுத்துப்போகும் இயந்திரம் வந்ததையும் பார்த்தவர். இயந்திரத்துக்கு ஏற்ற சரிவில் இயந்திரம், ஏறாத செங்குத்தில் இன்றைக்கும் கத்தரிக்கோல். கத்தரிக்கோல் பிடிப்பவர்களில் நம் ஆட்கள் மிகக் குறைவு. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். "மெஷின் வந்த அன்னைக்கு யாரும் யாரையும் வெரட்டல. அடுத்த மாசம் செக்ரோல்ல பேர் கொறஞ்சுச்சு" என்றார் பெரியப்பா. பேர் குறைந்தவர்களில் பெரியம்மாவும் ஒருவர். கறுப்புக் கண்ணாடி ஏன் மனம் மாறினான் என்று கேட்டுக்கொண்டே இருந்த அதே பெரியம்மா.

உடனே அண்ணன், ஒரு காட்சிக்காக முழுப் படத்தையும் மன்னிக்க முடியாது என்றான். நான் பேசவில்லை. எனக்கு வேறு யோசனை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டு ஆங்கில வானொலி ஒன்று, செயற்கை நுண்ணறிவால் ஆன ஓர் அறிவிப்பாளரை அறிமுகப்படுத்தியது. நாங்கள் தமிழ் வானொலிக்காரர்கள் சிரித்தோம். 'ழ' வராது என்றோம். பிறகு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் என்னை ஓர் அறைக்குள் உட்காரவைத்து, நேரம், வானிலை, சாலை நெரிசல், ஊர்ப் பெயர்கள் என்று இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, ஒரு மாதிரிக்கு" என்றார்கள். தானா ராத்தா, திரிங்காப், கம்போங் ராஜா என்று வாசித்துக்கொண்டே வந்தேன். கோலா தெர்லா அந்தப் பட்டியலில் இல்லை. நானாகச் சேர்த்து வாசித்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் பாகத்தில் எனக்கு இப்போதெல்லாம் பிடித்த ஆள் ஆர்னால்டும் இல்லை, சாராவும் இல்லை. டைசன். அந்த மூளையை வடிவமைக்கும் பொறியாளர். கெட்டவன் கிடையாது. வீட்டில் மனைவி, பிள்ளை, இரவெல்லாம் வேலை. தான் செய்வது எங்கே போய் முடியும் என்று தெரிந்ததும் தன் உழைப்பைத் தானே கொளுத்தப் போகிறார். ஆறு படங்களிலும் "எதற்கு?" என்று கேட்டவுடன் நேர்மையாகப் பதில் கிடைக்கப்பெற்றவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

அன்றைய வாக்கெடுப்பு முடிவு: ஐந்தாம் பாகத்துக்கு மூன்று, ஆறாம் பாகத்துக்கு மூன்று, மூன்றாம் பாகத்துக்கு ஒன்று. பெரியப்பா வாக்களிக்க மறுத்துவிட்டார். பெரியம்மாவின் வாக்கைக் கேட்டோம். தான் பார்த்தது எல்லாம் ஒரே படம் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அதைச் செல்லாத வாக்காக எண்ணுவதா, ஆறுக்கும் போட்டதாக எண்ணுவதா என்று மாமா மகன் இன்னும் குழுவில் கேட்டுக்கொண்டிருக்கிறான். இதற்கும் தடை போடப்போவதாக அத்தை எச்சரித்திருக்கிறார்.