வானுக்கு ஒரு பெரிய பற்றரி

வெம்மை மிகுந்த இரவுகளுக்கு அஞ்சி, கதிர்காம யாத்திரையை எம் தாயார் கைவிட்டிருந்தார். அவருக்காகவே எமது வானில் முன்னையதினும் பெரிய, 100 அம்பியர் மணிப் பற்றரியைப் பொருத்தினோம். 12 வோல்ற்றில் அதன் கொள்ளளவு 1,200 வாற்று மணி. ஈயப் பற்றரி நெடுநாள் உழைக்கப் பாதியளவே செலவிடல் நன்று. அதிலேயே 40 வாற்று மின்விசிறி 15 மணி நேரம் சுழலும். தடித்த கம்பியும், பற்றரியருகே உருகியும் இன்றியமையாதன.

ஆயினும், தொட்டி பெரிதானால் கிணறு ஊறிவிடுமா? எடுத்த மின்னை எஞ்சின் ஓடியே மீள நிரப்பவேண்டும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரமும் பற்றரியுமின்றி, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றியே குடாநாட்டில் நாம் வானொலிச் செய்தி கேட்டோம். கால் ஓய்ந்தால் குரலும் ஓயும். கொள்கலம் பெரிதாகலாம், அளந்து செலவிடும் வழக்கம் சிறுக்கலாகாது என்பதையே பிள்ளைகளுக்குக் கூறுகிறோம்.