நின்று கேட்ட ஆண்டவர்



மதுக்கரையில் நம் சபைச் சகோதரி ஒருவர் மாதந்தோறும் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை. "விசுவாசம் தளர்ந்துவிட்டதா அம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதைப் பின்னரே அறிந்தேன். "வலியைத் தாங்கிக்கொள்வேன் ஐயா. ஒருவரும் நம்பாததைத்தான் தாங்க முடியவில்லை. இருந்து என்ன பயன் என்றுகூடத் தோன்றியது" என்றார். அவருடைய அனுமதியோடே இதை எழுதுகிறேன்.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் இது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இந்நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்டறியவே பல ஆண்டுகள் ஆவதுண்டு. ஓயாத வலியும், குழந்தையில்லை என்னும் ஏச்சும் மனச்சோர்வையும் பதற்றத்தையும் வளர்க்கின்றன.

12 ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீயை நினைவுகூருங்கள். யவீருவின் வீட்டுக்கு விரைந்த வழியிலும் ஆண்டவர் நின்றார்; அவள் உள்ளதையெல்லாம் சொல்லக் கேட்டார்; மகளே என்று அழைத்தார். நானோ கேட்குமுன்னே தீர்ப்புச் சொன்னேன். அச்சகோதரியிடம் மன்னிப்பு வேண்டினேன்.

மருத்துவரை நாடுவதும், மனம் ஒடிந்த வேளையில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை அழைப்பதும் அவிசுவாசமல்ல. நம் வீட்டுப் பெண்களுக்கு முதலில் செவிகொடுப்போம். பின்பு அவர்களோடு சேர்ந்து ஜெபிப்போம். ஆமென்.