நட்டை ஒட்டுவமா, விடுவமா?

உறுதி இல்லாத காணியில் என்ன கட்டலாம்? திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இது கச்சேரியில் கேட்கிற கேள்வி மட்டும் இல்லை. கிணறு வெட்ட முதல், மதில் எழுப்ப முதல், ஒரு தென்னம்பிள்ளை வைக்க முதல்கூட எங்கட வீடுகளில் கேட்கிற கேள்வி. போன வருசம் ஒரு சின்ன வாசிப்புக் கொட்டில் போட வெளிக்கிட்ட நேரம் அது எங்களிடமும் வந்து சேர்ந்தது.

உள்துறைமுகப் பக்கம் ஒரு ஒழுங்கையில், பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தோம். இடம் ஒரு பெரியம்மாவின் விறாந்தை. புத்தகங்கள் இரண்டு உரப்பையில். மாரி தொடங்கினால் தூவானம் அடிக்கும், அன்றைக்கு வகுப்பு இல்லை. பெரியம்மா வளவின் ஒரு மூலையைக் காட்டி, "இதில போடுங்கோ" என்றார். 10 அடிக்கு 20 அடி இடம்.

ஒரு உதவி நிறுவனம் கல்லும் சீமெந்தும் தரத் தயாராக இருந்தது. அவர்கள் கேட்ட முதல் கடதாசி காணி உறுதி. பெரியம்மாவிடம் இருந்தது அனுமதிப்பத்திரம், நாங்கள் 'பேர்மிற் காணி' என்று சொல்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அரச காணியை அப்படித்தான் குடுக்கிறார்கள். இருக்கலாம், செய்கை பண்ணலாம். நினைச்ச மாதிரி விற்க முடியாது. நிறுவனம் கையை விரித்துவிட்டது.

அப்போதுதான் சந்தியில் வெல்டிங் கடை வைத்திருக்கிற பாஸ் ஒரு கதை சொன்னார். "கல்லால கட்டினா அது காணிக்குச் சொந்தம். இரும்பால கட்டினா அது உங்களுக்குச் சொந்தம்." நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், வசனம் நல்லா இருந்தால் உடனே நம்பிவிடுவோம். ஆனால் இதை அவர் செய்து காட்டினார்.

திட்டம் எளிமையானது. மூன்று சட்டகங்கள்: இரண்டு அந்தத்திலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் 2 அங்குலப் பொக்ஸ் பாரில் 8 அடித் தூண்கள் இரண்டு, மேலே முக்கோணக் கூரைச்சட்டம். தூணும் கூரைச்சட்டமும் கடையிலேயே ஒன்றாக ஒட்டப்படும். ஒரு சட்டகம் 40 கிலோ அளவில் வரும், நாலு பேர் தூக்கலாம். அதை லாண்ட்மாஸ்டரில் ஒழுங்கைக்குள் கொண்டுபோய் நிமிர்த்தி, ஒன்றோடு ஒன்றைப் போல்ட்டால் இணைப்பது. அதாவது கடையில் நடக்கிறது ஒட்டு, வளவில் நடக்கிறது போல்ட்டு.

ஒட்டுறது என்றால் நெருப்புப் பறக்கும், இரண்டு துண்டு ஒன்றாகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம். பாஸ் முதல் நாள் ஒட்டவே இல்லை. கடையின் சீமெந்துத் தரையில் சோக்கால் சட்டகத்தை முழு அளவில் கீறினார். வெட்டின துண்டுகளைக் கோட்டின் மேல் அடுக்கி, மூலைகளில் சின்னச் சின்னப் புள்ளியாக மட்டும் ஒட்டினார். பிறகு குறுக்கு மூலைகள் இரண்டையும் நாடாவால் அளந்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் தூண்கள் கூரைக்குச் செங்குத்து. சரியில்லை என்றால் சுத்தியலால் ஒரு தட்டு, திரும்ப அளவு.

ஏன் இந்தப் பாடு? ஒட்டின இடம் ஆறும்போது சுருங்கும். ஒரு பக்கத்தை முழுக்க ஒட்டி முடித்தால் அந்தப் பக்கமாகவே சட்டகம் இழுபட்டு வளையும். அதனால் இந்த மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம், திருப்பிப் போட்டு மற்றப் பக்கம் கொஞ்சம். சூடு சமனாகப் பரவ வேணும். ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் மேலே படிந்த கசட்டைத் தட்டி எடுத்து, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேணும். கசட்டை மூடிப் பெயின்ற் அடித்தால் வெளியில் அழகாகத்தான் இருக்கும், பாரம் வரும்போது தெரியும்.

துத்தநாகம் பூசின பைப்பை ஏன் எடுக்கேல்லை, அது கறல் பிடிக்காதே என்று கேட்டோம். துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். உருக்கு உருக 1,400க்கு மேல் வேணும். ஆக, ஒட்டுற இடத்தில் பூச்சு எப்படியும் போய்விடும். கடல் காற்று அந்த மூட்டைத்தான் முதலில் தேடி வரும். அதைவிட அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஒட்டுற வேலைக்காரருக்கு அது பழகின வருத்தம். எனவே சட்டகத்துக்குக் கறுப்பு இரும்பு, அதற்கு மேல் இரண்டு தரம் அன்ரிகொரோசிவ் பெயின்ற். துத்தநாகம் பூசினது கூரையில் குறுக்கே ஓடுகிற சட்டங்களுக்கும் தகரத்துக்கும் மட்டும். அவை ஒட்டப்படாது, போல்ட்டிலும் ஸ்குரூவிலும் நிற்கும்.

அத்திவாரத்தில்தான் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். கல்வீட்டின் அத்திவாரம் பாரத்தைத் தாங்குவதற்கு. இரும்புக் கொட்டிலின் அத்திவாரம் அதைப் பறக்க விடாமல் பிடித்து வைப்பதற்கு! எங்களில் கணிதப் பிரிவில் படித்த ஒருத்தன் கணக்குப் போட்டான். தகரத்தோடு சேர்த்து முழுக் கொட்டிலும் 300 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்றின் அழுத்தம் அந்த 200 சதுர அடிக் கூரையை அப்படியே மேலே இழுத்தால், இழுவை 850 கிலோ அளவில். அதாவது கொட்டிலின் பாரத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்கட மாவட்டக் கரையால்தான் ஏறினது. அன்றைக்குத் தகரங்கள் சத்தம் போட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அதனால் ஒவ்வொரு தூணுக்கும் கீழே ஒன்றரை அடிச் சதுரத்தில், ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொங்கிறீற். ஒன்று 230 கிலோ அளவில் வரும், ஆறும் சேர்த்தால் 1,400 கிலோவுக்குக் கிட்ட. அதில் புதைத்த போல்ட்டுகள் தூணின் அடித்தட்டைப் பிடிக்கும். ஒரு தூணுக்கு 4, ஆறு தூணுக்கு 24.

இந்த 24 நட்டில்தான் சண்டை தொடங்கியது.

எங்கட பக்கத்தில் பழைய இரும்புக்கு நல்ல விலை. கேற்று, கிணற்றுக் கப்பி, வள்ளத்து நங்கூரம் எல்லாம் இரவில் காணாமல் போயிருக்கிறது. பாஸ் சொன்னார், "ஒவ்வொரு நட்டிலயும் ஒரு சொட்டு ஒட்டி விடுறன். ஒருத்தரும் கழட்டேலாது." பத்து நிமிச வேலை. ஆனால் ஒருத்தரும் என்றால் நாங்களும்தான். பிறகு கிரைண்டரால் வெட்டினால்தான் வரும்.

எங்களில் ஒருத்தி ஒட்டச் சொன்னாள். களவுக்காக இல்லை. "கழட்டுற மாதிரிக் கட்டுறதெண்டா இப்பவே ஓட ஆயத்தமாகிறம் எண்டுதானே அர்த்தம்? எங்கட அம்மாக்கள் வாசலில பெட்டி கட்டி வைச்சுச் சீவிச்சவை. நாங்களும் நட்டை லூசா வைச்சுச் சீவிக்கோணுமா?"

உடனே ஒருவரிடமும் பதில் இல்லை.

வகுப்புக்கு வருகிற ஒரு பிள்ளையின் அப்பப்பா சம்பூர்க்காரர், கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம். 2006 ஏப்ரலில் வெளிக்கிட்ட சனம் அது. கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருசக்கணக்காக இருந்தது. 2015இல்தான் காணிகள் விடுபடத் தொடங்கின. தான் திரும்பிப் போன நேரம் வளவில் நின்றது கிணறும் ஒரு வேம்பும் என்று அவர் சொன்னார். "வீட்டைத் தூக்கிக்கொண்டு போகேலாது தம்பி. வழியில கதவையும் யன்னலையும் கழட்டிச் சைக்கிளில கட்டிக்கொண்டு போன ஆக்களைக் கண்டனான். அப்ப சிரிச்சனான். பிறகு முகாமில அந்தக் கதவு மேசையா இருந்தது, கட்டிலா இருந்தது."

கழட்டக்கூடிய கட்டடம் என்பது எங்கட கண்டுபிடிப்பும் இல்லை. முதலாம் உலகப்போர் நேரம், 1916இல், பீற்றர் நிசன் என்ற இராணுவப் பொறியியலாளர் அரைவட்டத் தகரக் குடிசை ஒன்றை வடிவமைத்தார். ஒரு இராணுவ வண்டியில் அடங்கும், ஆறு பேர் நாலு மணித்தியாலத்தில் நிமிர்த்தலாம். இரண்டு உலகப்போரிலும் ஆயிரக்கணக்கில் பாவித்தார்கள். ஆனால் அது படை நகர்வதற்காகச் செய்தது. படை தானாக நகரும். சனத்தை நகர்த்துவார்கள். அவள் சொன்னதும் அந்த வித்தியாசத்தைத்தான்.

இன்னொருத்தன் கப்பல் கதை ஒன்று கொண்டுவந்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா 2,700க்கு மேற்பட்ட லிபேர்ட்டிக் கப்பல்களை அவசரம் அவசரமாகக் கட்டியது. தறையாணி அடிக்க நேரம் போகும் என்பதால் தகடுகளை ஒட்டினார்கள். குளிர்க்கடலில் அவற்றில் சில வெடித்தன, ஒரு சில இரண்டாகவே உடைந்தன. கேம்பிரிட்ஜில் கொன்ஸ்டன்ஸ் ரிப்பர் என்ற பெண் விஞ்ஞானி ஆராய்ந்து பார்த்தார். அந்த உருக்கு குளிரில் நொறுங்குகிற இயல்பாகிவிட்டது, பழி முழுக்க ஒட்டில் இல்லை. ஆனால் தறையாணிக் கப்பலில் வெடிப்பு அந்தத் தகட்டின் விளிம்போடு நிற்கக்கூடும். ஒட்டின கப்பலில் எல்லாம் ஒரே உடம்பு, வெடிப்பு அப்படியே ஓடும். "எல்லாத்தையும் ஒண்டா ஒட்டினா பலம்தான், ஆனா ஒரு இடத்தில போனா எல்லாம் போகும்" என்றான் அவன். அவள் விடவில்லை. "இது கப்பல் இல்லை, வகுப்பு."

இரண்டு பின்னேரம் இப்படிப் போனது. கடைசியில் பெரியம்மா தேத்தண்ணியோடு வந்து கேட்டார்: "இந்தக் காணியை ஒரு நாள் என்னட்ட இருந்து எடுத்தா, என்ர வீடு போகும். அது கல்வீடு, நான் ஒண்டும் செய்யேலாது. உங்கட கொட்டிலும் அதோட போகோணும் எண்டு என்ன நேத்தி?"

அதற்குப் பிறகும் அவள் தன் கதையை மாற்றவில்லை. ஒரு ஒப்பந்தம் செய்தாள். நட்டை ஒட்ட வேண்டாம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரட்டை நட்டுப் போட்டு இறுக்குவோம், சும்மா வந்து கழட்டுகிறவனுக்கு நேரம் எடுக்கும். பதிலுக்கு நிலத்துக்குச் சீமெந்து போட வேணும், மண் நிலம் காணாது. போகும்போது அதை எடுக்க முடியாது என்று தெரிந்துதான் கேட்டாள், தெரிந்துதான் போட்டோம். ஒரு மூலையில் பிள்ளைகள் ஈரச் சீமெந்தில் கை வைத்திருக்கிறார்கள்.

கொட்டில் நிமிர இரண்டு நாள் எடுத்தது. தூண் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, நீர்மட்டம் பிடித்து, அடித்தட்டுக்குக் கீழே இடைவெளியைச் சீமெந்துச் சாந்தால் அடைத்தோம். நீளப்பாட்டில் சட்டகங்கள் தீப்பெட்டி மாதிரிச் சரியாமல் இருக்கக் குறுக்குக் கம்பி இரண்டு பக்கமும். பிறகு தகரம். முதல் மழை வந்த நேரம் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை, கரும்பலகையில் எழுதித்தான் கதைத்தோம். இப்போது தகரத்துக்குக் கீழே கிடுகு கட்டியிருக்கிறோம், வெக்கைக்கும் நல்லது.

கொட்டிலில் இருந்து ஒழுங்கை முனைக்கு நடந்தால் குடா தெரியும். அந்தப் பக்கம் சீனன்குடாவில் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள். 99 மிச்சம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கின நேரம் ஒரு விமானம் மோதி அழிந்த தாங்கியின் சிதைவும் அங்கேதான் கிடக்கிறது. 2022 ஜனவரியில் அந்தத் தாங்கிகளைக் கடதாசியில் பிரித்தார்கள்: 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. 50 வருசக் குத்தகை. இரும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, கடதாசி மாறிக்கொண்டே இருக்கிறது. எங்கட ஒழுங்கையில் 50 வருசத்துக்குக் கடதாசி வைத்திருக்கிற வீடு ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்கிறது தாங்கி இல்லை, பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு ஒரு உறுதி. அது வந்தால் அவள் கேட்டபடி 24 நட்டையும் ஒட்டிவிடலாம், பாஸிடம் சொல்லியும் வைத்திருக்கிறோம்.

அதுவரைக்கும் வேலை இருக்கிறது. மாரி முடிய ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேணும், கறல் கண்ட இடத்தைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்க வேணும், நட்டுகளுக்குக் கிறீஸ் பூச வேணும். இந்த மாசியில் அந்த வேலையை அவள்தான் தலைமை தாங்கிச் செய்தாள். எல்லா நட்டுக்கும் ஒரே 19 சாவிதான். அது பெரியம்மாவின் சாமியறை அலுமாரியில் இருக்கிறது. உங்கட ஊரிலும் இப்படி ஒரு கொட்டில் போட யோசிக்கிறீர்கள் என்றால் அளவுகளும் வெட்டுப் பட்டியலும் எங்களிடம் இருக்கிறது, தரலாம். நட்டை ஒட்டுவதா விடுவதா என்பதை மட்டும் நீங்கள்தான் இருந்து கதைத்து முடிவெடுக்க வேணும்.