உருண்டை எங்கிருந்து வந்தது

பந்து மூட்டு பொம்மையைத் தானே வனைய உட்காருகிறவர்களுக்கு முகம் சீக்கிரம் கைவந்துவிடும். முழங்கால்தான் லேசில் வராது. கன்னம் கொஞ்சம் கூடிவிட்டால் உப்புத்தாளால் தேய்த்துக் குறைக்கலாம். மூக்கு பிடிக்கவில்லை என்றால் ஈரக் களிமண் வைத்துத் திரும்ப எடுக்கலாம். மூட்டு அவ்வளவு பொறுமை உள்ளதில்லை. உருண்டை, அது உட்காரும் கிண்ணம், நடுவில் ஓடும் எலாஸ்டிக் கயிறு ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பொம்மை உட்காரும், நிற்கும், தலை சாய்க்கும். ஒன்று பிசகினாலும், மடக்கிவிட்ட காலிலிருந்து நாம் கையை எடுத்ததும் அது விருட்டென்று உதைத்து நிமிர்ந்துவிடும்.

நான் பின்பற்றுவது பொதுவாக எல்லோரும் செய்கிற முறைதான். உருவத்தை அசல் அளவிலேயே முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு படமாக வரைந்துகொள்வது. தெர்மோகோலை அந்தக் கோட்டுக்குச் சற்று உள்ளடக்கி வெட்டி, கல்தூள் களிமண்ணைத் தகடாகத் தேய்த்து அதன் மேல் சுற்றுவது. காய்ந்ததும் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, தெர்மோகோலை எடுத்துவிட்டு இரண்டு பாதியையும் மறுபடி ஒட்டினால் உள்ளே எலாஸ்டிக் ஓட வழி கிடைத்துவிடும். இந்தக் களிமண் சூளை கேட்காது, காற்றிலேயே இறுகிவிடும். ஆனால் காயும்போது சுருங்கும். அதனால் உருண்டையைத் தனியே செய்து, முழுக்கக் காயவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதையே அச்சாக அழுத்தித்தான் கிண்ணத்தைக் குழிப்பார்கள்.

இந்த வேலையில் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. தோளும் இடுப்பும் பந்து கிண்ண மூட்டு, முழங்கையும் முழங்காலும் கீல் மூட்டு என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். பொம்மையில் மட்டும் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லா இடத்திலும் உருண்டை. மனித உடலைப் பார்த்துச் செய்கிற ஒன்றில், உடலில் இல்லாத இடத்தில் உருண்டையை வைத்தது யார், எதற்காக? புத்தகங்களையும் அருங்காட்சியகங்களின் பட்டியல்களையும் வைத்துக்கொண்டு, இன்றிலிருந்து பின்னோக்கி நடக்க ஆரம்பித்தேன்.

முதல் படி பக்கத்திலேயே இருந்தது. இன்று உலகம் முழுவதும் பிஜேடி (பால் ஜாயின்டட் டால்) என்று அழைக்கப்படும் ரெசின் பொம்மைகளுக்கு வழிகாட்டியது, ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த வோக்ஸ் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த சூப்பர் டால்ஃபி. ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் உயரம், பாலியுரேத்தேன் ரெசினில் வார்த்த உறுப்புகள், உள்ளே எலாஸ்டிக், மாற்றக்கூடிய கண்கள், மாற்றக்கூடிய தலைமுடி. 2000களின் தொடக்கத்தில் தென்கொரியச் சிற்பிகளும் இதில் இறங்கினார்கள். ஆனால் வோக்ஸ் உருண்டையைக் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானில் அதற்கு முன்பே ஒரு தலைமுறை பொம்மைக் கலைஞர்கள் அந்த மூட்டோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் யோட்சுயா சிமோன், 1944இல் பிறந்தவர். 1965இல் ஷின்ஃபுஜின் என்ற பெண்கள் பத்திரிகையில் எழுத்தாளர் ஷிபுசாவா தட்சுஹிகோ ஒரு ஜெர்மானியக் கலைஞரின் பொம்மையை அறிமுகப்படுத்தி எழுதியிருந்தார். அதிலிருந்த படத்தைப் பார்த்ததும், அதுவரை செய்துவந்த முறையையே கைவிட்டார் சிமோன். செய்முறை எதுவும் அதில் இல்லை. கண்ணால் பார்த்ததை வைத்துக் கையால் தேடிக் கண்டடைந்தார். 1978இல் டோக்கியோவில் எக்கோல் டி சிமோன் என்ற பொம்மைப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து வந்த அமானோ கட்டான் 1990இல் இளம் வயதிலேயே இறந்துபோனாலும், சோர்ந்த கண்களும் தளர்ந்த தோள்களும் கொண்ட அவருடைய பொம்மைகள் ஒரு பாணியாகவே நின்றுவிட்டன. 2004இல் ஒஷீ மமோருவின் இன்னொசன்ஸ் படம் வந்தபோது, டோக்கியோ சமகாலக் கலை அருங்காட்சியகம் பந்து மூட்டு பொம்மைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

அந்தப் பத்திரிகைப் படத்தில் இருந்த பொம்மையைச் செய்தவர் ஹான்ஸ் பெல்மர். 1902இல் கட்டோவிட்ஸில், இன்று போலந்தில் உள்ள ஊரில், பிறந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல், அரசுக்குப் பயன்படும் எந்த வேலையையும் இனிச் செய்வதில்லை என்று முடிவெடுத்து, பெர்லினில் தன் முதல் பொம்மையைச் செய்யத் தொடங்கினார். 1934இல் அதன் பத்துப் புகைப்படங்களைத் தன் செலவிலேயே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். முதல் பொம்மையில் அவருக்கு நிறைவில்லை. அது அவர் நினைத்த அளவு அசையவில்லை. அதற்கு விடை அதே நகரத்தின் கைசர் ஃப்ரீட்ரிக் அருங்காட்சியகத்தில், இன்றைய போடே அருங்காட்சியகத்தில், இருந்தது. மெழுகுப் பொம்மைகள் செய்த தோழி லோட்டே பிரிட்சலோடு அங்கே போனபோது, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு மர உருவங்களை அவர் கண்டார். சாண் உயரம்தான். மூட்டுகளில் உருண்டைகள். 1935இல் பெல்மர் செய்த இரண்டாவது பொம்மையின் நடுவயிறே ஒரு பெரிய உருண்டை.

பெல்மரின் படங்களைப் பார்ப்பது எளிதல்ல. வயிற்று உருண்டையின் இரு பக்கமும் இரண்டு ஜோடிக் கால்களைப் பொருத்தி, தலையில்லாமல், மரத்தடியில், படிக்கட்டில் என்று வைத்துப் படமெடுத்தார். கட்டுக்குலையாத உடலையே ஒரு அரசு வழிபட்ட காலத்தில் அவர் உடலைக் கலைத்துப் போட்டார் என்பதை நான் ஏற்கிறேன். அப்படிக் கலைக்கப்பட்டது ஒரு சிறுமியின் உடல் என்ற வருத்தமும் எனக்கு உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் செய்கிறவனாக அவரிடம் கற்க ஒன்று இருக்கிறது. உருண்டைக்கு மேல் கீழ், இடம் வலம் கிடையாது. அதனால் எந்தக் கிண்ணமும் எந்தப் பக்கமிருந்தும் அதில் வந்து உட்காரலாம். இன்று ஒருவர் வார்த்த தலையை இன்னொருவர் வார்த்த உடலில் ஏற்றி ஆர்வலர்கள் மகிழ்வதும் அந்தக் குணத்தால்தான்.

பெர்லினின் அந்த மர உருவங்களைப் பட்டியலில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 1525ஐ ஒட்டிய காலம். மெய்ஸ்டர் ஐபி என்ற முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் சிற்பியோடு சேர்த்துப் பேசப்படுபவை. குழந்தைகள் கையில் கொடுக்கச் செய்தவை அல்ல என்பது அவற்றின் தசைச் செதுக்கிலேயே தெரிகிறது. இவை ஓவியர்களின் பட்டறையில் இருந்த மூட்டு உருவங்களின் குடும்பம். 1517இல் மறைந்த ஃப்ளோரன்ஸ் ஓவியர் ஃப்ரா பார்த்தொலொமேயோ, மூட்டுகள் மடங்கும் ஆளுயர மர உருவம் ஒன்றைச் செய்வித்து வைத்திருந்ததாக, ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி குறிப்பிட்டிருக்கிறார். பூச்சி அரித்த பின்னும் அதை அவர் நினைவாகத் தன்னிடம் வைத்திருந்தாராம் வசாரி.

ஓவியருக்கு அது எதற்கு? துணிக்கு. அங்கியின் மடிப்புகளை வரைய நாள்கணக்கில் ஆகும். உயிருள்ள ஆள் அத்தனை நேரம் அசையாமல் இருக்க முடியாது. மூச்சு விட்டாலே மடிப்பு மாறும். மர உருவத்தை உட்காரவைத்து, துணியைப் போர்த்திவிட்டால், மறுநாளும் அதே மடிப்பு அங்கேயே இருக்கும். இதைப் படித்தபோதுதான் என் கேள்வியை நான் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்தது விளங்கியது. அசைவதற்கு மட்டும் உருண்டை தேவையே இல்லை. வைத்த இடத்தில் நிற்பதற்குத்தான் உருண்டை.

இன்னும் பழைய பொம்மைகள் இதை உறுதிசெய்தன. 1889இல் ரோமில் நீதி மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, கிரெபெரெயா டிரிஃபேனா என்ற இளம்பெண்ணின் கல்லறைப் பேழை கிடைத்தது. அதில் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தந்தப் பொம்மை ஒன்று, ஒரு சாண் உயரத்தில். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் மடங்கும். ஆனால் அவை ஒரு துண்டின் நாக்கை மற்றொன்றின் பிளவில் செருகிக் குறுக்கே ஆணி அடித்த மூட்டுகள். ஒரே தளத்தில் மட்டும் ஆடும். நம் ஊர் பொம்மலாட்டத்தின் மரப் பொம்மைகளில் மூட்டைத் தளர்வாகவே விடுவதும் காரணத்தோடுதான். ஆட்டுபவர் அசைக்கும்போதெல்லாம் பொம்மையின் உறுப்பு தடையின்றி அசைய வேண்டும். இறுகிய மூட்டு அங்கே ஆட்டத்தைக் கெடுத்துவிடும். பொம்மலாட்டப் பொம்மைக்கு உயிர் கொடுப்பது கலைஞரின் கை. பந்து மூட்டு பொம்மையிலோ, கை விலகிய பிறகுதான் மூட்டின் வேலையே தொடங்குகிறது.

எலாஸ்டிக் பெருவாரியாக நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பாரிஸில் ஜுமோவின் பட்டறையிலும், ஜெர்மனியின் துரிங்கியாவில் சோன்னபெர்க், வால்டர்ஸ்ஹவுசன் ஊர்களிலும் பீங்கான் தலைப் பொம்மைகள் ஏராளமாக உருவாயின. காகிதக்கூழும் மரத்தூளும் பசையும் கலந்து வார்த்த உடல், மூட்டில் மர உருண்டை, உள்ளே இழுத்துப் பிடிக்கும் ரப்பர். ஓவியர் பட்டறையின் மூட்டு அப்போதுதான் குழந்தைகளின் அறைக்குள் பரவலாக வந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு என் மேசையில் வேலையின் வரிசை மாறியது. எலாஸ்டிக் எப்போதும் குறுக்குவழி தேடும். கால் மடங்கும்போது அது ஓடும் பாதை நீளமாகி, நிமிரும்போது குறைந்தால், பொம்மை நிமிரவே துடிக்கும். உருண்டையில் வெட்டும் பிளவை, எலாஸ்டிக் எந்தக் கோணத்திலும் உருண்டையின் நடுவை ஒட்டியே ஓடும்படி ஆழப்படுத்தினால் பாதையின் நீளம் பெரிதாக மாறாது. பிறகு பொம்மையைப் பிடித்து வைப்பது உராய்வு மட்டும். அதற்காகத்தான் கிண்ணத்தின் உட்புறம் மெல்லிய தோல் துண்டு ஒட்டுகிறார்கள். முழங்காலில் உருண்டை ஏன் என்பதற்கும் இங்கேயே பதில். பிளவு ஒரே திசையில் இருப்பதால் அது கீலைப் போலத்தான் மடங்குகிறது; ஆனால் உருண்டையின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இருப்பதால், எவ்வளவு மடக்கினாலும் கிண்ணம் முழுக்கப் பதிந்து பிடிக்கிறது, இடைவெளி திறப்பதில்லை.

இப்போது நான் முகத்தில் தொடங்குவதில்லை. தொடையின் தடிமனைப் பார்த்து உருண்டையின் விட்டத்தை முடிவு செய்கிறேன். உருண்டை காய்ந்த பிறகே அதைச் சுற்றி உறுப்பை வளர்க்கிறேன். எந்த நிலையில் இந்தப் பொம்மை அதிக நேரம் இருக்கப் போகிறது என்பதை வரைபடத்திலேயே தீர்மானித்து, அதற்கு ஏற்றபடி பிளவின் ஆழத்தைக் குறிக்கிறேன்.

பெல்மர் கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றார். சிமோன் ஒரு பத்திரிகைப் பக்கத்தில் பார்த்துக் கற்றார். இன்று யோஷிதா ரியோ போன்ற கலைஞர்கள் தங்கள் முறையைப் படிப்படியாகப் புத்தகமாகவே எழுதிவிட்டார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பொழுதுபோக்காகச் செய்கிறவரும் 500 ஆண்டுகளாகக் கைமாறி வரும் ஒரு கேள்விக்குத் தன் பதிலைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓர் உருண்டை, ஒரு கிண்ணம், ஒரு முழம் எலாஸ்டிக், இவற்றை மட்டும் முதலில் செய்து பாருங்கள். எந்தக் கோணத்தில் விட்டாலும் அது அங்கேயே நின்றால், உங்களிடம் ஒரு பொம்மை இருக்கிறது. மற்றதெல்லாம் அதன் மேல் வனைந்துகொள்ளலாம்.