பிரைவேட் லிமிடெட்டும் ஒரு கையெழுத்தும்

'பிரைவேட் லிமிடெட்'னு போர்டு மாட்டினா தனி கெத்துதான். ஆனா அந்த 'லிமிடெட்' எதைச் சொல்லுதுன்னு கேட்டா பலபேர் தலையைச் சொறிவாங்க.

என் மச்சினனும் அவன் கூட்டாளியும் கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகத்துக்கு லேத் ஜாப் ஒர்க் செய்கிறார்கள். பார்ட்னர்ஷிப். 1932ஆம் வருஷத்துச் சட்டம். தொழிலுக்காகக் கூட்டாளி வாங்குற கடனுக்கும் நீங்க முழுப் பொறுப்பு. பட்டறை நொடிச்சா சொந்த வீடு வரைக்கும் வருவாங்க. மச்சினனுக்கு இருக்கறது ஒரே வீடு, என் மாமியாரும் அதுலதான். "கம்பெனியா மாத்திடலாம் மாமா"ன்னு என்னையும் ஆடிட்டர்கிட்ட இழுத்துட்டுப் போனான்.

அவர் பொறுமையா சொன்னார். கம்பெனி சட்டப்படி தனி ஆள். அதன் கடன் அதுக்கு. பங்குக்குக் கட்டவேண்டிய பணத்தோட உங்க பொறுப்பு முடிஞ்சுது. ரெண்டு பேர் போதும். 1 லட்சம் முதல் கட்டாயம்ங்கிற விதியை 2015லேயே எடுத்துட்டாங்க. 2020ல வந்த ஸ்பைஸ் பிளஸ் விண்ணப்பத்துல பதிவு, பான், டான் எல்லாம் ஒண்ணாவே முடிஞ்சிடும். செலவு அப்புறம்தான்! லாபமோ நஷ்டமோ, வருஷா வருஷம் ஆடிட். ஆண்டுக் கணக்கு, ஆண்டறிக்கை தாக்கல் தாமதமானா படிவம் ஒண்ணுக்கு நாளைக்கு 100 ரூபாய். லேசா வேணும்னா 2008 சட்டத்துல வந்த எல்.எல்.பி. இருக்கு. விற்றுமுதல் 40 லட்சமும், போட்ட முதல் 25 லட்சமும் தாண்டாதவரை அந்தச் சட்டப்படி ஆடிட் கட்டாயமில்லை.

மச்சினன் முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு :-)

அப்பதான் ஆடிட்டர் கேட்டார். "சிஎன்சி மெஷினுக்கு லோன் போடறீங்கல்லங்க? பேங்க்ல பெர்சனல் கியாரண்டி கேப்பாங்க. அதுல கையெழுத்துப் போட்டா, அந்தக் கடனுக்கு லிமிடெட் உங்களைக் காப்பாத்தாதுங்க."

கம்பெனி திவாலாகி, தீர்வுத் திட்டம் ஒப்புதலாயிட்டாலும் ஜாமீன் போட்டவர் பொறுப்பு தானா நீங்கிடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2021ல சொல்லியிருக்கு. பார்ட்னர்ஷிப்பை எல்.எல்.பி.யா மாத்தினாலும், மாத்தறதுக்கு முந்தைய கடன் பழைய கூட்டாளிங்க தலையிலதான்.

பல்பு ஃபியூஸ்.

அப்போ இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறீங்களா? பிரயோஜனம் இருக்கு. இனிமே வர்ற சப்ளையர் பாக்கி, தொழில் பேர்ல கூட்டாளி இழுத்துவிடற கடன், இதுக்காக உங்க வீட்டைத் தொட முடியாது (நீங்களே மோசடி பண்ணாத வரைக்கும்). பேங்க் கடன் மட்டும் வேற கதை. அங்கே காப்பாத்தறது சட்டம் இல்லை, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நாம பேசற பேச்சு.

மச்சினன் எல்.எல்.பி.க்குச் சரின்னுட்டான். கியாரண்டி படிவத்தை வீட்டுக்கு வாங்கிட்டு வந்து ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சோம். 'இப்போதும் இனிமேலும் ஏற்படும் எல்லாக் கடன்களுக்கும்'னு ஒரு வரி. இந்த ஒரு லோனுக்கு மட்டும்னு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கோம். மெஷினை அடமானமா எழுதிக்கட்டும், வீட்டுப் பத்திரம் கிடையாதுன்னும் சொல்லியாச்சு. பேங்க் இன்னும் பதில் சொல்லலை. சொல்ற வரைக்கும் பேனாவைத் திறக்கறதா இல்லை.