எஞ்சின் ஆறட்டும்

காரில் நெடுந்தூரம் உல்லாசப் பயணம் போய் வருகிறோமே, எதைப் பார்த்துவிட்டு வருகிறோம்?

காயல்பட்டினத்திலிருந்து சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாக இராமேசுவரம் போய்வருவது ஒரு காலத்தில் நம் வீட்டின் கோடைக்கால வழக்கம். பாம்பனில் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்டது. மறு ஆண்டே நம் தந்தையார் பழைய கார் ஒன்றை வாங்கி, அனைவரையும் அதில் அடைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

தந்தையாருக்குப் பயணம் என்றால் போய்ச் சேருவதுதான். பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள மார்க்கம் தந்த சலுகையைத் தேநீருக்கும் இளைப்பாறலுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வோம். பின்னிருக்கையின் இருபுறமும் திரை கட்டியிருக்கும். பாலத்தில் ஏறியதும் சிறுவர்களாகிய நாம் முன்னிருக்கையில் மண்டியிட்டுக் கடலைக் கண்டு கூவுவோம். திரைக்குள் இருந்த அன்னையார் நம் கூச்சலைக் கொண்டே கடல் வந்துவிட்டதென்று அறிந்துகொள்வார்கள்.

ஒருமுறை சாயல்குடிக்கு அருகே ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பிற்று. பனங்காட்டோரம் வண்டியை நிறுத்தவேண்டியதாயிற்று. பனையேறி ஒருவரின் வீட்டுப் பெண்கள் அன்னையாரை அழைத்துப் போய், ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். எஞ்சின் ஆற ஒரு மணி நேரம் ஆயிற்று. அது வீணாய்ப் போன நேரம் என்பது தந்தையாரின் கணக்கு.

தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சென்ற கோடையில் அன்னையாரை முன்னிருக்கையில் அமர்த்தி, நாமே ஓட்டிச் சென்றோம். 2017இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலையிலும் போனோம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் எஞ்சிய சுவர்களைக் காட்டினோம். இருபுறமும் கடல், திரை ஏதும் இல்லை. “நல்லா இருக்கு” என்றார்கள். அவ்வளவே. நமக்குச் சற்று ஏமாற்றந்தான்.

திரும்பும் வழியில், “அந்தப் பனங்காடு வந்துட்டுதா, வாப்பா?” என்று மூன்று முறை கேட்டார்கள். எந்தப் பனங்காடு என்பது நமக்கு உறைக்க நேரமாயிற்று. நாமும் தந்தையாரின் பிள்ளைகள் அல்லவா? மஃரிபுக்குள் ஊர் சேரும் அவசரத்தில் சாயல்குடியைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருந்தோம்.

வண்டியைத் திருப்பினோம். அந்த வீடு இல்லை, பனைகள் நின்றன. அன்னையார் இறங்கி ஒரு மரத்தடியில் அமர்ந்தார்கள். நேரத்தைப் பார்த்த நம்மிடம் சொன்னார்கள்: “எஞ்சின் ஆறட்டும்.”