வாக்களித்தேன்

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் உணவுச் செயலாளர் தேர்தல் நடந்தது. நின்றவர் இருவர். ஒருவர் நம் தமிழர், எனக்கு மூத்தவர். மொழி தெரியாமல் விழித்த முதல் வாரத்தில் என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்று வாளியும் போர்வையும் வாங்கித் தந்தவர். மற்றவர் பீகாரைச் சேர்ந்தவர், கணக்கில் கறாரானவர். அண்ணன் வாக்குக் கேட்டார், தருகிறேன் என்றேன். ஆனால் சீட்டைக் கையில் வாங்கியதும், அண்ணன் முன்பு எங்கள் பொங்கல் விழாக் கணக்கை எழுதிய அழகு நினைவுக்கு வந்தது. மற்றவருக்கே குறியிட்டேன். அண்ணன் ஒன்பது வாக்கில் தோற்றார்.

அவர் தமிழ்ப்பற்று மிக்கவர். ‘ஓட்டு’ என்ற சொல்லை மறந்தும் சொல்லார். அன்றிரவு கேட்டார்: “தம்பி, நீயாவது எனக்கு வாக்களித்தாய் அல்லவா?”

“வாக்களித்தேன், அண்ணா.”

சொன்னது பொய்யன்று. அவருக்கு வாக்குக் கொடுத்தது உண்மைதானே! தமிழ் என்னைக் காப்பாற்றியது. ஆனால் உறக்கம் வரவில்லை.

மறுநாள் நூலகத்தில் வேதியியலை மூடிவிட்டு ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியைத் திறந்தேன். ‘போல்’ என்றால் முதலில் தலை. பிறகு தலைகளை எண்ணுதல். ‘பேலட்’ இத்தாலியச் சொல். சிறு உருண்டை என்பது பொருள். உருண்டையைப் போட்டு முடிவு செய்த காலத்தின் மிச்சம் அது. ‘கேண்டிடேட்’ வெள்ளுடை தரித்தவன். உரோமாபுரியில் பதவி நாடியோர் ஆடையைச் சுண்ணம் பூசி வெளுப்பாக்கிக்கொண்டனராம். (நம் வேட்பாளர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, சலவைக்காரர் இருக்கிறார்.) பண்டை ஏதென்சில், நாடு கடத்த வேண்டியவன் பெயரைப் பானை ஓட்டில் கீறினார்கள். அதனால்தான் ‘ஓட்டு’ என்று என் அறை நண்பன் சாதித்தான். வேடிக்கைதான், ‘ஓட்டு’ ஆங்கில ‘வோட்’டின் திரிபே.

அந்த ‘வோட்’டில்தான் நான் அகப்பட்டேன். அதன் இலத்தீன் மூலம் ‘வோட்டும்’: தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வது, நேர்த்திக்கடன். சபதத்தைக் குறிக்கும் ‘வௌ’வும் அதே வேரில் பிறந்தது. ஆங்கிலத்துக்கு ஓடினாலும் கொடுத்த வாக்கு பின்னாலேயே வந்து நின்றது.

பிரிட்டனில் 1872ஆம் ஆண்டு வரை, பாராளுமன்றத் தேர்தலில் வாக்கு உண்மையிலேயே வாய்ச்சொல்தான். அதிகாரி முன் நின்று இன்னாருக்கு என்று உரக்கச் சொல்ல வேண்டும், ஏட்டில் பதிந்துகொள்வார்கள். பண்ணையாரும் கேட்டுக்கொண்டிருப்பார். ஏழைக் குடியானவனுக்கு அந்த ஆண்டுச் சட்டம் தந்த இரகசியச் சீட்டு அரண். எனக்கு அது என்னவாயிற்று? அண்ணன் என்னை நிலத்தைவிட்டு விரட்டுபவரா? வாளி வாங்கித் தந்தவர்.

மற்றவருக்கு வாக்களித்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. சோறு நன்றாகவே இருந்தது. தருகிறேன் என்று சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை. இந்தியில் இதற்கு ‘மத்தான்’ என்பர். கருத்தைத் தானம் செய்வது. அண்ணன் இந்தியில் கேட்டிருந்தால் நான் தப்பியிருக்க முடியாது. ஓட்டுப் போட்டாயா என்று கொச்சையாகக் கேட்டிருந்தாலும் அகப்பட்டிருப்பேன். அவருடைய தூய தமிழே அவரை ஏமாற்றிவிட்டது.

படிப்பு முடிந்து அண்ணன் இப்போது ஊரில் இருக்கிறார். சங்க மலரைப் பழைய உறுப்பினர்களுக்கும் அஞ்சலில் அனுப்புகிறோம். உறைகளில் முகவரி எழுதும் வேலை இவ்வாண்டு என்னுடையது.